விக்டோரியா கவுண்டி எப்படி மாறியது: பழைய மேப்புகளை வைத்துத் தடம் பிடிக்கும் முறை

முதலில் ஒரு விஷயம். பழைய மேப்பைத் தேடித் தொடங்காதீர்கள். எங்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்ட அத்தனை பேரும், நான் உட்பட, அங்கேதான் சறுக்கினோம். 19-ஆம் நூற்றாண்டு மேப் ஒன்று கிடைத்ததும் ஆசையாகத் திறந்து பார்ப்போம், ஒரு ஊர்ப்பெயரும் பிடிபடாது, இரண்டு மணி நேரம் போயிருக்கும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இன்றைய மேப் தாளில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் பழைய விக்டோரியா கவுண்டி. தெற்கே உம்கேனி ஆறு, வடக்கே டுகேலா ஆறு, கிழக்கே கடல். வெருலம், டொங்காட், மவுண்ட் எட்ஜ்கோம்ப், ஸ்டாங்கர் எல்லாம் இதற்குள் வரும். நம்மில் பலருடைய பூட்டன் பூட்டி கரும்பு வெட்டிய பகுதி. கவுண்டி என்ற பிரிவு இன்று நிர்வாகத்தில் இல்லை, ஆனால் வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், "விக்டோரியா கவுண்டியில் அமைந்த" என்று எழுதியிருக்கும்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"டொங்காட் எப்படி வளர்ந்தது" என்று ஆரம்பித்தால் முடிவே வராது. "இந்த மில்லுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த பாரக்ஸ் (எஸ்டேட் கூலிகள் தங்கிய வரிசை வீடுகள்) எப்போது போனது", "எங்கள் தெரு போடுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது" என்று கேளுங்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம் போதும்.

காரணம் எளிது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தாள், அதற்கு விமானத்திலிருந்து எடுத்த வான்படங்கள், அப்புறம் ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் அளந்து வரைந்த நில அளவை டயகிராம்கள் என்று சேர்த்தாலே சின்ன இடத்துக்கு முப்பது நாற்பது கோப்புகள் ஆகிவிடும். கவுண்டி முழுவதையும் எடுத்தவர்கள் யாரும் முடித்து நான் பார்க்கவில்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினி ஒன்று, அதில் மேப்புகளை அடுக்கிப் பார்க்க கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள், ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றோடு குடும்பத்தில் இருக்கும் காகிதங்கள்: பத்திரம், வரி ரசீது, ஒப்பந்தக் கூலியாக வந்த முன்னோரின் கொலோனியல் நம்பர், அதாவது அவருக்குக் கொடுத்த பதிவு எண். அந்த நம்பர் எதற்கு என்று கேட்பார்கள். 1860 முதல் 1911 வரை வந்த கப்பல் பட்டியல்களில் பெரும்பாலும் முதலாளியின் பெயர் இருக்கும். முதலாளியைப் பிடித்தால் எஸ்டேட்டைப் பிடிக்கலாம், எஸ்டேட்டைப் பிடித்தால் பண்ணையின் பெயர், அதிலிருந்து டயகிராம். இந்தச் சங்கிலி இல்லாமல் மேப்பில் குத்துமதிப்பாக விரல் வைத்து "இங்கேதான் தாத்தா இருந்தார்" என்று சொல்வது ஆசை மட்டும்தான்.

3. இன்றைய தாளை முதலில் அடையாளம் காணுங்கள்

தென்னாப்பிரிக்காவின் 1:50,000 தாள்களுக்கு (மேப்பில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரை கிலோமீட்டர்) எண் வைக்கும் முறை தெரிந்தால் பாதி குழப்பம் போய்விடும். முதல் நான்கு இலக்கம் ஒரு பாகைக் கட்டத்தின் வடமேற்கு மூலை: 2931 என்றால் தெற்கு 29 பாகை, கிழக்கு 31 பாகை. அந்தக் கட்டத்தை நான்காக வெட்டி ஏ, பி, சி, டி என்று வைத்து, ஒவ்வொன்றையும் மறுபடி அதேபோல நான்காக வெட்டியிருப்பார்கள். மேல் வரிசை ஏ, பி. கீழ் வரிசை சி, டி. கடைசியில் கிடைக்கும் தாள் ஒரு பக்கம் 15 கலை (ஒரு பாகைக்கு 60 கலை).

வெருலமும் டொங்காட்டும் மவுண்ட் எட்ஜ்கோம்பும் 2931சிஏ. ஸ்டாங்கர் 2931ஏடி. டர்பன் நகரம் 2931சிசி. இனாண்டா 2930டிபி. பீனிக்ஸ்தான் தொல்லை: 31 பாகைக் கோடு அதன் நடுவிலேயே போகிறது, அதனால் பாதி ஒரு தாளில், பாதி பக்கத்துத் தாளில். பீனிக்ஸ்காரர்கள் இரண்டு தாளும் வாங்க வேண்டும், அதுவும் ஒரே ஆண்டுப் பதிப்பாக. ஒன்று 20 ஆண்டு பழையதாக இருந்தால் கிழக்கே வீடுகள் நிறைந்தும் மேற்கே வெறும் கரும்பாகவும் தெரியும். அதைப் பார்த்து ஒரு தம்பி, ஊர் கிழக்கிலிருந்து மேற்காக வளர்ந்தது என்று இரண்டு பக்கக் கட்டுரையே எழுதிவிட்டான்.

4. மாறாத புள்ளிகளையும் பெயர்களையும் பட்டியலிடுங்கள்

இன்றைய தாளில் உங்கள் இடத்தைச் சுற்றி, நூறு வருடமாக நகராதவை எவை என்று எழுதுங்கள். மலை உச்சியில் நில அளவைக்காக நிறுத்திய டிரிக் பீக்கன் என்ற அடையாளத் தூண், பாறையான கடல் முனை, பழைய கல் பாலம், கோயில். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில் 1898-இல் கட்டியது, அதைவிட நல்ல அடையாளம் அந்தப் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். ஆற்று முகத்துவாரத்தை எடுக்காதீர்கள். இந்தக் கடற்கரையில் மணல்திட்டு ஒரு வெள்ளத்துக்கு ஒரு பக்கம் உடையும், முகத்துவாரம் இடம் மாறும். ஆற்று வளைவும் அப்படித்தான். ரயில் நிலையமும் சந்தேகத்துக்குரியது, பாதையை நேராக்கும்போது நிலையத்தையும் நகர்த்தியிருப்பார்கள்.

பெயர்களுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். உம்லோட்டி என்பது இன்று உம்ட்லோட்டி, டொங்காட் இன்று உத்தொங்காத்தி, உம்கேனி இன்று உம்ங்கேனி, ஸ்டாங்கர் இன்று குவாடுகூஸா. ஆங்கிலேய சர்வேயர்கள் ஜூலுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். ஒரே ஆறு மூன்று தாளில் மூன்று எழுத்தில் வரும். கணினியில் ஒரே எழுத்துக்கூட்டலைப் போட்டுத் தேடிவிட்டு "எதுவும் இல்லை" என்று எழுந்து போகிறவர்கள் ஏராளம். நம்மவர்கள் வாயில் வேறு இந்தப் பெயர்கள் தமிழாகித் திரிந்திருக்கும், பாட்டி சொன்ன பெயரையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

5. பின்னோக்கிச் சேகரிக்கும் வரிசை

முதலில் 1:50,000 தாள்களின் எல்லாப் பதிப்புகளும். இந்தத் தொடர் 1936-இல் தொடங்கி நாடு முழுவதற்கும் 1976-இல் முடிந்தது. கேப் டவுனின் மௌபிரேயில் உள்ள தேசிய நில அளவைத் துறையில் பழைய பதிப்புகளும் வான்படங்களும் உண்டு. தாள் எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். "வெருலம் பழைய மேப் வேண்டும்" என்று எழுதினால் கையில் இருக்கிற ஏதோ ஒன்று வரும்.

இரண்டாவது வான்படங்கள். 1930-களிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த வேலையில் மிகவும் கை கொடுப்பவை இவைதான், ஏனென்றால் எதைக் காட்டலாம் எதை விடலாம் என்று கேமரா யோசிப்பதில்லை.

மூன்றாவது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தின் டயகிராம்களும், மனைப் பிரிவுத் திட்டங்களான ஜெனரல் பிளான்களும். பண்ணையின் பெயர், பதிவுப் பிரிவு (நிலப் பதிவுக்காகப் பிரித்த பகுதியின் எழுத்துக் குறி) இரண்டும் தெரிந்தால் இணையத்திலேயே தேடலாம். வெருலம், பீனிக்ஸ் பக்கம் எஃப்யூ பிரிவு, சாட்ஸ்வர்த் எஃப்டி. பிரிவைத் தவறாகப் போட்டால் அதே பெயரில் வேறெங்கோ இருக்கும் பண்ணை வந்து நிற்கும்.

கடைசியாகத்தான் காலனிக் காலத்து மேப்புகள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம், டர்பனில் கில்லி கேம்பல் நூலகம் இரண்டிலும் கேளுங்கள். இவற்றைக் கடைசிக்கு வைக்கக் காரணம், இவற்றில் அளவு துல்லியம் குறைவு. முந்தைய மூன்றிலிருந்தும் கிடைத்த புள்ளிகளை வைத்துத்தான் இவற்றைப் பிடித்து நிறுத்த முடியும்.

6. ஸ்கேன்

குறைந்தது 300 டிபிஐ, வண்ணத்தில், ஓரங்களோடு. ஓரத்தை வெட்டிவிட்டால் அளவுகோல், ஆண்டு, மூலைகளின் பாகை எல்லாம் போய்விடும். எனக்கு ஒருமுறை ஒரு ஜெராக்ஸ் கடையில் "தாளுக்குப் பொருந்தும்படி" சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள், நானும் கவனிக்காமல் அதில் ஸ்கேலை வைத்து அளந்து ஒரு வாரம் வீணாக்கினேன். அச்சில் இருக்கும் கோட்டு அளவுகோல் படத்தோடு சேர்ந்தே சுருங்கும், அதனால் அதை நம்பலாம். "1:50,000" என்ற எழுத்தைச் சுருங்கிய நகலில் நம்பக் கூடாது.

7. ஒவ்வொரு தாளுக்கும் உண்மையான தேதி எது என்று பாருங்கள்

அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. 1:50,000 தாளின் கீழ் ஓரத்தில் எந்த ஆண்டு வான்படத்திலிருந்து வரைந்தது என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த ஆண்டைத்தான் கோப்பின் பெயரில் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே சில ஆண்டு இடைவெளி சாதாரணம், அந்த இடைவெளியில் ஒரு முழு டவுன்ஷிப்பே, அதாவது புதுக் குடியிருப்பே, எழும்பியிருக்கலாம்.

தேதியே இல்லாத மேப் கிடைத்தால், தேதி தெரிந்த விஷயங்களை வைத்து நெருக்கிப் பிடியுங்கள். வெருலம் ஊர் 1850-இல் உருவானது. ரயில் வெருலம் வரை 1879-இல் வந்தது. ஸ்டாங்கர் நகரம் 1873-இல் அமைந்தது; அந்தப் பெயரோடு நகரத்தைக் காட்டும் மேப் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. காந்தியின் பீனிக்ஸ் ஆசிரமம் 1904. பீனிக்ஸ் டவுன்ஷிப் 1970-களின் நடுவில். லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் 2010.

இதில் ஒரு கவனம். ஒன்று இருப்பது வலுவான சாட்சி, இல்லாதது பலவீனமான சாட்சி. வரைந்தவர் பழைய அச்சுத் தகட்டையே மறுபடி அச்சிட்டிருக்கலாம். இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு: போடப் போகிற ரயில் பாதையை முன்கூட்டியே வரைந்துவிடுவார்கள். கோடு விட்டுவிட்டு வந்தால் குறிவிளக்கத்தைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

8. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது

இங்கேதான் அதிகம் பேர் கை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஆதாரத் தளம், அதாவது டேட்டம்: பாகைகளை எந்த அடிப்படையில் எண்ணுகிறார்கள் என்பது. 1999 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் ஹார்ட்டபீஸ்தூக் 94 என்ற டேட்டம் நடப்பில் இருக்கிறது, அது ஜிபிஎஸ் கணக்கோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு முன் இருந்தது கேப் டேட்டம். பழைய தாளின் மூலையில் "தெற்கு 29 பாகை 30 கலை" என்று இருந்தால் அது கேப் டேட்டத்தின் 29 பாகை 30 கலை. அதை அப்படியே ஜிபிஎஸ் எண்ணாக எடுத்துக்கொண்டால் டர்பன் பக்கத்தில் எல்லாம் பத்துக்கணக்கான மீட்டர் தள்ளி நிற்கும். பார்க்கச் சின்னதாகத் தோன்றும், ஆனால் கோயில் ஆற்றுக்குள் போய் நிற்க அது போதும், எங்கள் குழுவில் அப்படியே நின்றது.

சரி, என்ன செய்வது? கியூஜிஐஎஸ்-இல் படத்தை உண்மையான இடத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் என்ற கருவியைத் திறந்து, பழைய தாளின் நான்கு மூலைகளையும் அச்சிட்டிருக்கும் பாகைகளோடு கொடுங்கள், ஆயக்கூற்று முறையாக ஈபிஎஸ்ஜி 4222, அதாவது கேப், என்று தேர்ந்தெடுங்கள். புரொஜெக்டை மட்டும் யூடிஎம் 36 தெற்கில் (மீட்டரில் அளக்கும் முறை) வைத்துக்கொள்ளுங்கள். இடையில் செய்ய வேண்டிய மாற்றத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

நம் சர்வேயர்களின் சொந்த முறை "எல்ஓ 31", கிழக்கு 31 பாகைக் கோட்டை நடுவாக வைத்து அளப்பது. டயகிராம்களில் இதுதான் வரும். இதில் எக்ஸ் தெற்கு நோக்கிக் கூடும், ஒய் மேற்கு நோக்கிக் கூடும். பள்ளியில் படித்ததற்கு நேர் எதிர். வெருலத்துக்கு எக்ஸ் சுமார் 3,280 கிலோமீட்டர், ஒய் சில கிலோமீட்டர், அதுவும் கழித்தல் குறியோடு, ஏனென்றால் அது 31 பாகைக் கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. பீனிக்ஸின் மேற்குப் பாதிக்கு வந்தால் குறி கூட்டலாக மாறும். இந்தக் குறியை மறந்து எண்களை உள்ளிட்டால் நிலம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் மென்பொருளைத் திட்டாமல் குறியைப் பாருங்கள்.

பாகைக் கோடே இல்லாத மேப்புகளுக்கு, 4-ஆம் படியில் எழுதிய மாறாத புள்ளிகள்தான் கைகொடுக்கும். குறைந்தது ஆறு எடுங்கள், நான்கு ஓரத்திலும் ஒன்றாவது இருக்கட்டும், நடுவில் இரண்டு. எல்லாப் புள்ளியையும் ஊருக்குள்ளேயே குவித்தால் ஊர் சரியாக உட்காரும், ஓரம் எங்கேயோ பறக்கும். முதலில் எளிய நேர்கோட்டு மாற்றத்தைப் போட்டு, எந்தப் புள்ளியில் பிழை அதிகம் என்று பாருங்கள். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் அந்தப் புள்ளியை நீங்கள் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள். எல்லாமே பெரிதாக இருந்தால் மேப்பே அப்படி. "தின் பிளேட் ஸ்பிளைன்" என்று ஒரு வழி இருக்கிறது, அது எல்லாப் புள்ளியையும் இழுத்துப் பிழையைச் சுழியமாக்கிவிடும். புதியவர்கள் அதைக் கண்டதும் மகிழ்ந்து போகிறார்கள். ஆனால் தவறான புள்ளியையும் அது அதே விசுவாசத்தோடு பொருத்தும். முதலில் எளியதைப் போட்டுத் தவறைக் கண்டுபிடித்த பிறகு மட்டுமே அதைத் தொடுங்கள்.

வான்படத்துக்கு ஒரு வரி: படத்தின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். மேடு பள்ளம் காரணமாக ஓரங்கள் சாயும், இந்தக் கரும்பு மலைகளில் அது நன்றாகவே தெரியும். படங்கள் ஒன்றோடொன்று மேற்பொருந்தும்படிதான் எடுத்திருப்பார்கள், அதனால் இதன் ஓரம் பக்கத்துப் படத்தில் நடுவுக்கு அருகே வரும்.

9. பண்ணை டயகிராமைப் படிப்பது

டயகிராமில் ஏ, பி, சி, டி என்று எல்லைக்கற்கள், பக்க நீளங்கள், கோணங்கள் இருக்கும். பழையவற்றில் ஆயக்கூற்று இருக்காது. ஒரு பண்ணையை மட்டும் தனியாக எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியாது. பக்கத்துப் பண்ணைகளின் பெயர்கள் ஓரத்தில் எழுதியிருக்கும், அவற்றையும் எடுத்து ஒட்டிக்கொண்டே போய் ஒரு டிரிக் பீக்கனிலோ இன்றும் இருக்கும் எல்லையிலோ முடிச்சுப் போட வேண்டும்.

அளவில் விழும் பள்ளம் பெரியது. நேட்டாலில் இங்கிலீஷ் அடியும், பரப்புக்கு ஏக்கர், ரூட், பெர்ச்சும் அதிகம்: ஒரு ஏக்கர் 4 ரூட், ஒரு ரூட் 40 பெர்ச். மற்ற மாகாணங்களில் கேப் அடி, அது 0.3149 மீட்டர், இங்கிலீஷ் அடியைவிட நூற்றுக்கு மூன்றுக்கு மேல் நீளம். இதை மாற்றிப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 33 மீட்டர் பிழை வரும். இன்னொன்று, "ரூட்" என்பது இங்கிலீஷ் கணக்கில் பரப்பு, கேப் கணக்கில் 12 கேப் அடி கொண்ட நீளம். ஒரே சொல், இரண்டு பொருள். எந்த அளவு என்பது டயகிராமின் தலைப்பிலேயே எழுதியிருக்கும், எண்ணைத் தொடும் முன் அதைப் படியுங்கள்.

வடக்கு அம்பு காந்த வடக்கா உண்மை வடக்கா என்றும் பாருங்கள். இங்கே இரண்டுக்கும் வித்தியாசம் 20 பாகைக்கு மேல், அதுவும் காலத்துக்குக் காலம் மாறுவது.

பிறகு ஜெனரல் பிளான். அது டவுன்ஷிப்பை மனைகளாகப் பிரித்த திட்டம். அதில் தெரு இருப்பதால் தெரு போட்டாகிவிட்டது என்று பொருளில்லை. ஒப்புதலுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே ஆண்டுகள் போயிருக்கும், சில மனைகள் இன்றும் புல்தான். ஜெனரல் பிளானின் தேதியை "வீடு வந்த ஆண்டு" என்று ஒருபோதும் எழுதாதீர்கள், அதற்கு வான்படம் வேண்டும்.

10. மேப் சொல்லாமல் விட்டதைப் படிப்பது

அடுக்குகள் எல்லாம் பொருந்தியதும் ஒன்றை அணைத்து ஒன்றை ஏற்றிப் பாருங்கள், மாறியதை மட்டும் தனி அடுக்கில் வரையுங்கள். சாலை, ரயில், மில், டிராம் பாதை, கரும்பு, வீடு என்று வகைக்கு ஒரு நிறம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள். 1937-ஐயும் 2010-ஐயும் பக்கத்தில் வைத்தால் எல்லாமே மாறியிருக்கும், எது எதனால் என்று தெரியாது.

நம்மவர்களின் வாழ்க்கை இந்த மேப்புகளில் மிக மெலிதாகத்தான் பதிந்திருக்கிறது. நில அளவை டயகிராம் உரிமையாளரைக் காட்டும், குத்தகைக்காரரைக் காட்டாது. ஒப்பந்தம் முடிந்து குத்தகை நிலத்தில் காய்கறி போட்டவர்களின் தோட்டங்கள் அதில் கிடையாது. எஸ்டேட் பாரக்ஸ் பல தாள்களில் ஒரே ஒரு கறுப்புச் சதுரம், சிலவற்றில் அதுவும் இல்லை. 1930-களின் வான்படத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கினால் நீளக் கூரை வரிசைகள், அவற்றுக்கு முன்னால் சின்னச் சின்னப் பாத்திகள், கிணற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை கூடத் தெரியும். ஆகவே மேப்பில் காலி என்றால் ஆளில்லை என்று எழுதாதீர்கள், "இந்தத் தாள் காட்டவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். ஆப்பிரிக்கர்களின் குடியிருப்புகளுக்கும் இதே கதை, இனாண்டா பக்கம் இன்னும் மோசம்.

1950-க்குப் பிந்தைய தாள்களைப் படிக்கும்போது இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை மனதில் வையுங்கள். ஓரிடத்தில் வீடுகள் திடீரெனக் காணாமல் போய், வேறிடத்தில் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக முளைத்தால் அதை "வளர்ச்சி" என்று எழுதுவதற்கு முன் கெசட்டில் அந்தப் பகுதிக்கான அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். மேப்பில் அது வளர்ச்சி போலத்தான் தெரியும்.

11. நேரில் போய்ப் பார்ப்பது

இதை முதலிலேயே செய்யாதீர்கள், எதைப் பார்ப்பது என்றே தெரியாது. அடுக்குகள் முடிந்த பிறகு, சந்தேகமான ஐந்தாறு புள்ளிகளை போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். கரும்பு நிலம் பெரும்பாலும் தனியார் நிலம், அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். கரும்பு வெட்டி முடித்த சமயமாகப் பார்த்துப் போனால் தரை தெரியும். எதற்கும் சேராமல் கரும்புக்கு நடுவே நாலைந்து கிழட்டு மாமரங்கள் வரிசையாக நின்றால் அங்கே ஆட்கள் குடியிருந்திருக்க நல்ல வாய்ப்பு, நான் பார்த்த மூன்று பாரக்ஸ் இடங்களிலும் மாமரம் இருந்தது.

கூடவே அந்தப் பக்கத்தில் வளர்ந்த ஒரு தாத்தாவையோ ஆயாவையோ அழைத்துப் போங்கள், முடியாவிட்டால் வான்படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவர்கள் மேசையில் விரியுங்கள். இரண்டு விதி. நீங்கள் கண்டுபிடித்ததை முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சொன்னால் மரியாதைக்காக "ஆமாம்பா" என்று விடுவார்கள். மேப்பைக் காட்டாதீர்கள், வான்படத்தைக் காட்டுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மேப் ஒன்றும் புரியவில்லை; 1930-களின் வான்படத்தில் மில் புகைபோக்கியின் நிழலைப் பார்த்ததும் அங்கிருந்து விரலை நகர்த்தி, கடை, குழாயடி, மாரியம்மன் கல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். குழாயடி எந்தத் தாளிலும் இல்லை. அதை நான் தனி நிறத்தில், அவர் பெயரும் சொன்ன தேதியும் சேர்த்துக் குறித்து வைத்திருக்கிறேன், அளந்து கிடைத்ததோடு கலக்காமல்.